வார்ம்-அப் அண்ணனின் இருபது நிமிடம்

பினாங்குத் தீவில் அதிகமான மனிதர்களை அதிகமான நேரம் காக்கவைத்தது எது என்று ஒரு போட்டி வைத்தால், பாலத்து நெரிசலுக்கு இரண்டாம் பரிசுதான் கிடைக்கும். முதல் பரிசு எங்கள் வார்ம்-அப் அண்ணனுக்கு. அதை வாங்க மேடை ஏறுவதற்கும் அவர் இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார்.

பாயான் லெப்பாஸில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில், சிப்புகளை அடுப்பில் வைத்து மணிக்கணக்காகச் சூடேற்றிச் சோதிக்கும் பிரிவில் அவர் டெக்னீஷியன். முப்பது வருடம் அந்த அடுப்புகளோடு குடித்தனம் நடத்தியதாலோ என்னவோ, சூடு படாத எதையும் அவர் நம்ப மாட்டார். மோட்டார் சைக்கிளைப் பத்து நிமிடம் உறுமவிட்டுத்தான் ஏறி உட்காருவார். பேசுவதற்கு முன் தொண்டையை மூன்று முறை கனைப்பார். அவருடைய உண்மையான பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

பட்டப்பெயரை வாங்கிக் கொடுத்தது அவருடைய ஆம்ப், அதாவது கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. இங்கிலாந்தில் செய்தது, உள்ளே கண்ணாடி வால்வுகள் எரிவது, முகப்பில் கம்பெனியின் பெயர் பித்தளை எழுத்தில் மின்னுவது. அந்தப் பெயரை இங்கே சொன்னால் விளம்பரமாகிவிடும். ராக் கேட்டுக் கெட்டுப்போன என் வயதுக்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டாம். சுவிட்சைப் போட்டபின் இருபது நிமிடம் யாரும் அதைத் தொடக்கூடாது.

"வால்வு சூடாகணும்லா. பச்சத் தண்ணியில கோப்பி கலக்குவியா நீ?" என்பார்.

வாசித்து முடித்ததும் ஆம்பின் தலையில் உள்ளங்கையை வைப்பார். சுட்டதென்றால் "ஸ்ஸ்... ஆங்!" என்று முகம் மலரும். அன்றைய வாசிப்புக்கு அவரே போட்டுக்கொள்ளும் மார்க் அது.

டத்தோ கிராமாட்டில் இருந்த வீட்டிலிருந்து அதைக் காடியில் ஏற்றி வரும்போது, முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பது ஆம்ப். அவர் மனைவி பின் சீட்டில். "நான் ரெண்டாந்தாரம் தம்பி. மூத்தவ முன்னால இருக்கா பாருங்க" என்பார் அக்கா, கொஞ்சமும் சிரிக்காமல்.

ஒவ்வொரு வருடமும் தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில் எங்கள் வாத்தியக்குழு வாசிக்கும். ஒவ்வொரு வருடமும் எண்ணூறு பேர் சூப் ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு ஆம்ப் சூடாவதற்காகக் காத்திருப்பார்கள். அண்ணன் ஓய்வுபெறும் வருடத்தில்தான் வினை வந்தது. புது மேலாளர், தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தின் செயலாளரான என்னைக் கூப்பிட்டார்.

"ஏழரைன்னா ஏழரைக்கு மியூசிக் வேணும். அந்த அலமாரி மேடைக்கு அவசியமா?"

நான் பூசி மெழுகிவிட்டு வந்தேன். அதே வாரம் தர்ஷினி குழுவில் சேர்ந்தாள்.

இருபத்து மூன்று வயது இன்ஜினியர். கைப்பையிலிருந்து சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டியை எடுத்தாள், கிட்டாரைச் செருகினாள், மூன்று வினாடியில் அறை அதிர்ந்தது. அண்ணன் தொண்டையைக் கனைக்க ஆரம்பிப்பதற்குள் அவள் ஒரு பாட்டை முடித்துவிட்டாள். பிறகு அவருடைய ஆம்பைச் சுற்றி வந்து, பித்தளை எழுத்தைப் படித்து, மனதில் ஒரு கள்ளமும் இல்லாமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"இது என்னா பிராண்டுண்ணே? லோக்கலா?"

அலாமாக்! அன்று கேன்டீனில் அண்ணன் மீ கோரிங் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். தர்ஷினி பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. என் பெட்டிக்குள்ள நூறு ஆம்போட சத்தம் இருக்கு. உங்களோடதும் இருக்கு. பதினாலாம் நம்பர்."

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் நீட்டிய பெட்டியின் சின்னத் திரையைப் பார்த்தார். 'பழைய இங்கிலீஷ்' என்று மட்டும் இருந்தது.

"பேரு கூடப் போடலியா?"

"போட்டா கேஸ் போடுவாங்களாம். சத்தத்துக்குப் பேரு எதுக்குண்ணே? கேக்குறவங்க காதாலதானே கேக்குறாங்க?"

மூன்று கனைப்பு. நாலாவதும் வந்தது.

"கதவுக்கு வெளிய என்னை உக்கார வையி. பத்துத் தடவை வாசி. எது என்னுது, எது உன் டப்பான்னு நான் சொல்றேன். ஒண்ணு தப்புனாலும் என் பெட்டி மேடைக்கு வராது. பெட்டி வராட்டி நானும் வரல."

"உங்க கடைசி டின்னர்ணே. விட்டுடுங்கலா" என்றேன்.

"அதனாலதான்டா" என்றார்.

விருந்துக்கு இரண்டு நாள் இருக்கையில், காலை ஷிப்ட் முடிந்ததும் சோதனை நடந்தது. தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் சும்மா சோதிப்போமா? படிவம் அச்சடித்தோம். இரண்டு பெட்டியும் ஒரே ஸ்பீக்கரில் கேட்கும்படி தர்ஷினி கம்பிகளை மாற்றினாள். இசையறைக்குள் அவளும் நானும் மட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் நான் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் அண்ணனுடைய ஆம்ப், தலை விழுந்தால் டப்பா என்று அவளுக்குக் காட்டிவிட்டு என் படிவத்தில் எழுதவேண்டும். வெளியே தாழ்வாரத்தில் அண்ணன் சுவரைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள, நடுநிலையாளராகக் கேன்டீன் நடத்தும் பாய். முதலில் இருபது நிமிடம் ஆம்பைச் சூடாக்கினோம். வேறு வழி?

முதல் சுற்று. "என்னுது!" கதவைத் தாண்டி வந்தது குரல். சரி.

இரண்டாவது. "டப்பா." சரி. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. மனுஷன் ஒன்றுகூடத் தப்பவிடவில்லை. தர்ஷினியின் கண் ஒவ்வொரு சுற்றுக்கும் பெரிதாகிக்கொண்டே போனது. "எப்படி?" என்று வாயசைத்தாள். எனக்கு என்ன தெரியும்?

ஆறாவதுக்குப் பூ விழுந்தது. அவள் ஆம்ப் பக்கம் திரும்பினாள். 'டப்' என்று மெதுவாக ஒரு சத்தம். சிவப்பு விளக்கு அணைந்தது. கருகிய வாடை வந்தது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. இரண்டு நாளில் மாற்ற, கடையில் கிடைக்கிற சாமானா அது? கப்பலில் வரவேண்டியது.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இப்ப போய்ச் சொன்னா?" என்றாள், மூச்சுக்காற்றிலேயே.

"பெட்டி வராது. அவரும் வரமாட்டார்."

"என்னா ஆச்சு உள்ள? தூங்கிட்டீங்களா?" வெளியே பாய் கதவைத் தட்டினார். தர்ஷினி உதட்டைக் கடித்துக்கொண்டு பித்தளை எழுத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் டப்பாவில் கிட்டாரைச் செருகி, பதினாலாம் நம்பரைச் சரிபார்த்து, வாசித்தாள். அதுவரை அவள் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை.

வாசித்து முடித்தாள். வெளியே பேச்சே இல்லை. கனைப்புக்கூட இல்லை. பத்து வினாடி இருக்குமா? எனக்கு ஒரு ஷிப்ட் போல இருந்தது.

"என்னுது" என்றார் அண்ணன்.

அதன்பின் எல்லாச் சுற்றும் டப்பாதான். நாணயத்தை நான் பாக்கெட்டில் போட்டுவிட்டேன். வெளியே அவர் என்ன சொல்கிறாரோ அதைக் கேட்டுவிட்டு, அதையே என் படிவத்தில் எழுதினேன். ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டைக் கட்டிக்காத்த கை, கூசாமல் எழுதியது. ஏழாவது, "என்னுது". எட்டாவது, "டப்பா".

ஒன்பதாவதுக்கு முன் பாய் எழுந்துவிட்டார். "கொஞ்சம் பொறுங்க, அடுப்புல எண்ணெய் காயுது. பாத்துட்டு வந்துர்றேன்."

"நல்லா காயட்டும் பாய், நிதானமா வாங்க" என்றார் அண்ணன். பாவி மனுஷன்! பாய் போய் வர அரைமணி நேரம். ஒரு செத்த ஆம்புக்குக் காவலாக நாங்கள் இருவரும் உள்ளே பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தோம். கதவை அவர் திறந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. திறக்கவில்லை.

பத்தாவது சுற்றும் முடிந்து, பாய் இரண்டு படிவத்தையும் ஒத்துப் பார்த்து, "பத்துக்குப் பத்து!" என்று தாழ்வாரமே அதிரக் கத்தினார். கேன்டீன் ஆட்கள் எல்லாம் ஓடிவந்து கைதட்டினார்கள். அண்ணன் அறைக்குள் வந்தார். வழக்கம்போல ஆம்பின் தலையில் உள்ளங்கையை வைத்தார்.

"ஸ்ஸ்" வரவில்லை. கை அங்கேயே இருந்தது. ஆம்ப் ஆறியிருந்தது.

கூட்டம் கலையட்டும் என்று அவர் காத்திருந்தார். பிறகு கைக்குட்டையால் பித்தளை எழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆறாவதா?"

"ஆமாண்ணே" என்றேன்.

"நெனச்சேன். ரொம்ப சுத்தமா இருந்துச்சு. நம்ம மூத்தவ வயித்துல கரகரப்பு இருக்கும்."

தர்ஷினி அழுதுவிடுவாள் போலிருந்தது. "பின்ன ஏண்ணே உங்களுதுன்னு சொன்னீங்க?"

"அம்புட்டுப் பாடுபட்டு வாசிச்சே புள்ள. நான் இல்லைன்னு சொன்னா, நீ பொய் சொன்னதா ஆயிடாதா?"

ஆறாவதை அவர் உண்மையிலேயே கண்டுபிடித்தாரா, கையில் சூடு படாததும் சமாளித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று பேரும் ஒருவருக்காக ஒருவர் ஏமாற்றினோம் என்பது மட்டும் தெரியும்.

விருந்தன்று ஆம்ப் மேடை ஏறியது. பத்துக்குப் பத்து என்ற பேச்சு மேலாளர் காதுக்கும் போயிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. ஆம்பின் பின்னால், யாருக்கும் தெரியாமல், தர்ஷினியின் டப்பா. அதில் ஒரு கிட்டாரைத்தான் செருக முடியும்; அண்ணனுடையதைச் செருகிவிட்டு, கைக்கு அகப்பட்ட ஒரு கிலுகிலுப்பையோடு ஓரமாக நின்றுகொண்டாள் அவள். அண்ணன் ஏழரைக்குச் சுவிட்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை. எரியாத விளக்கின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். எண்ணூறு பேரின் சூப் ஆறிக்கொண்டிருந்தது. மேலாளர் மேடையடியில் வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பின்னால் எட்டிப் பார்த்தால் தீர்ந்தது கதை.

தர்ஷினி ஒலிவாங்கியை எடுத்தாள்.

"இன்னும் சூடாகல சார். வால்வு ஆம்ப்லா. இருபது நிமிஷம் ஆகும்."

மேலாளர் போய் உட்கார்ந்தார். அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தார். தொண்டையைக் கனைக்கப் போனார், கனைப்பு வரவில்லை.

எத்தனையோ வருடம் அந்த இருபது நிமிடத்துக்காக அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தவன் நான். அன்று மட்டும், இன்னும் ஒரு இருபது நிமிடம் ஆனால் என்ன என்றிருந்தது.