டிகிரி அண்ணனும் நாற்பது காளான் பைகளும்

விருத்தாசலத்தில் குளிரைச் சொந்தப் பகையாளியாக நினைத்து வாழ்ந்த ஒரே மனிதர் டிகிரி அண்ணன்தான். மற்ற எல்லோரும் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்த ஊர் அது.

டிகிரி என்றால் படிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஆறாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடமும் அவரும் மனமொத்துப் பிரிந்துவிட்டார்கள். பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளை எரிப்பவராக இருந்தார். சூளை ஓட்டையில் ஒரு கண்ணை வைத்து, "ஆயிரத்து நூத்தி எண்பது டிகிரி. இன்னும் ரெண்டு பீடி நேரம் எரியணும்" என்பார். கருவி வேறு கணக்கு சொன்னால் கருவியைத்தான் ரிப்பேருக்கு அனுப்புவார்கள். டீக்கடையிலும் அதே பேச்சுதான். "இது அறுபதுதான் இருக்குது, சுட வச்சுக் குடு."

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். மங்கலம்பேட்டை பாய் ஒருவர், குவைத்துக்கு விசா தயார் என்றார். பக்கத்திலிருக்கும் பெண்ணாடத்தைத் தாண்டி ஓர் இரவுகூடத் தங்காத அண்ணனுக்கு அதைக் கேட்டதுமே சோறு இறங்கவில்லை. எங்கேயோ ஒருநாள் பயிற்சியில் உட்கார்ந்துவிட்டுப் பால் காளான் விதை பாட்டில்களோடு திரும்பினார். அவர் வீட்டுக்கு அடியில், முன்பு யாரோ களிமண் ஊறப்போட்ட நிலவறை ஒன்று சும்மா கிடந்தது. வைக்கோல் அடைத்த நாற்பது பைகளை அங்கே அடுக்கினார்.

அவர் மனைவி சரசு அக்கா கெடு வைத்தார். "பொங்கலுக்குள்ள பாதிப் பையாவது மொளைக்கணும். இல்லன்னா குவைத்துக்குப் பொட்டியக் கட்டுங்க."

மார்கழி பிறந்தது. பால் காளானுக்குக் கதகதப்பு வேண்டும். நிலவறையோ பகலில் முப்பது டிகிரி, விடியற்காலையில் இருபது. பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் வந்து புலம்பினார்.

"ஆயிரம் டிகிரிய அடக்கினவன் தம்பி நானு. பத்து டிகிரி என்னைய மண்டி போட வைக்குது பாரு."

முதலில் வீட்டிலிருந்த போர்வை எல்லாம் கீழே இறங்கின. அடுத்து சரசு அக்காவின் கல்யாணப் பட்டு. "ஏங்க, காளானுக்கு இன்னிக்கு நிச்சயதார்த்தமா?" என்று அக்கா கேட்டதும் பட்டு மட்டும் மேலே ஏறி வந்தது.

பிறகு பக்கத்துச் சூளையிலிருந்து சுடச்சுடச் செங்கல்லைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். சூளை எரித்துப் பழகிய அண்ணனுக்குச் சூட்டில் கஞ்சத்தனம் தெரியாது. காலையில் நாலு பை வெந்து கிடந்தன. "வாசனை நல்லாத்தான் இருக்குது, உப்பு போட்டா சாப்புடலாம்" என்றார் அக்கா.

அப்போதாவது விட்டாரா? கரியடுப்பை மூட்டிக் கீழே வைத்து, சூடு வெளியே போகாமல் சந்து பொந்தெல்லாம் சாக்கால் அடைத்து, தானும் காவலுக்கு உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிடப் போன அக்கா, சுவரில் சாய்ந்து கண் செருகிக் கிடந்தவரைப் பார்த்துக் கத்தினார். நான் ஓடிப்போவதற்குள் சட்டையைப் பிடித்துப் பாதிப் படிக்கட்டு வரை இழுத்து வந்துவிட்டார். வெளிக்காற்று பட்டதும் அண்ணன் கண்ணைத் திறந்து கேட்டது இதுதான்: "உள்ள எத்தினி டிகிரி?"

கல்யாணமான நாளிலிருந்து மரியாதை குறையாமல் பேசிய அக்கா அன்று தெருவே கேட்கச் சொன்னார். "யோவ், காளான் மொளைக்காட்டிப் போவுது. நீ இருக்கணுமில்ல."

மறுநாள் அக்காவே களத்தில் இறங்கினார். "நம்ம ஊர்ல ஊறுகா ஜாடிக்கா பஞ்சம்?" தெருவில் வீட்டுக்கு ஒன்றாக ஜாடி கேட்டு வாங்கி, வெந்நீர் ஊற்றி, மூடி, சாக்கு சுற்றிப் பைகளுக்கு நடுவே நிறுத்தினார். பீங்கான் ஜாடி சூட்டை மெல்ல மெல்லத்தான் விடும். விடியற்காலையிலும் இருபத்தெட்டு. ஜாடி சூடு ஆறிக்கொண்டிருக்க, எங்கள் தெரு ஊறுகாய் எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில் ஒண்டுக் குடித்தனம் செய்தது.

காணும் பொங்கலன்று பாய் காகிதங்களோடு வந்தார். அண்ணன் கீழே போய் எண்ணினார். பதினோரு பைகளில் வெள்ளை மொட்டு. மறுபடி எண்ணினார். அதே பதினொன்று. மேலே வந்து யார் முகத்தையும் பார்க்காமல், பரணிலிருந்த பெட்டியை எடுக்கக் கையை நீட்டினார்.

"அவரு வரலைங்க பாய்" என்றார் அக்கா. "பாதிப் பை மொளச்சிடுச்சு."

"சரசு, பதினொண்ணுதான்…"

"எனக்கு எண்ணத் தெரியும். நீங்க சும்மா இருங்க."

பாய் என்னைப் பார்த்தார். "இருபதுங்க பாய், நானே எண்ணினேன்" என்றேன். அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காளான் வறுவலோடு சாப்பிட்டுவிட்டுச் சிரித்தபடி கிளம்பினார்.

அந்த மார்கழி முழுக்க, இந்த ஆள் போய்விடுவாரோ என்று தூக்கம் கெட்டுக் கிடந்தவன் நான் என்பது டிகிரி அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது.