பழுப்புக் கட்டிக்குப் பூட்டு

பட்டியில் தொங்கிய தாது உப்புக் கட்டி நிறம் மாறியிருந்தது. நேற்று மாலை வெள்ளை. இன்று காலை பழுப்பு.

சாவ்வென் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். முகர்ந்தான். ஓரத்தில் நக்கியும் பார்த்தான். பிறகு மனைவியைக் கூப்பிட்டான்.

"லியன், இங்க வா. அவன் வேலைதான் இது."

"எவன் வேலை?"

"வேற எவன்? பக்கத்து வீட்டு குவாங்ஃபூ. நம்ம வெள்ளைக் கட்டியை எடுத்துட்டு அவனோட பழுப்பை மாட்டிட்டுப் போயிருக்கான்."

வாதுமை மரம் ஒன்று வேலிக்கு எந்தப் பக்கம் என்ற தகராறில் இரண்டு வீட்டு ஆண்களும் பேசி நாலு வருஷம் ஆகிறது. அந்த மரத்தில் அதன் பிறகு யாரும் ஒரு காய்கூடப் பறிக்கவில்லை.

மலைமேல் இருந்த துத்தநாக உலையை மூடி வெகுநாளாகியும் புல்லில் அதன் கேடு போகவில்லை. போன வசந்தத்தில் சாவ்வெனின் கருப்பு ஆடு மிளகி போட்ட இரண்டு குட்டிகளும் பின்னங்கால் துவண்டு, எழுந்து நிற்காமலே செத்தன. சாவ்வென் மூன்று நாள் சோறு தின்னவில்லை. மிளகி இப்போது மறுபடி சினை.

கால்நடை நிலையத்திலிருந்து வந்த டாக்டரம்மா சீட்டுக் குலுக்கி, வீட்டுக்கு ஒரு கட்டி கொடுத்திருந்தாள். "ஒண்ணுல குட்டிங்க கால் துவளாம இருக்கச் செம்புச் சத்து இருக்கு, இன்னொண்ணு வெறும் உப்பு. எது எதுன்னு சொல்ல மாட்டோம். இது சோதனை. யாராவது மாத்தினா பட்டியல்லேருந்து பேரை அடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆகவே புகார் செய்யவும் வழியில்லை.

"அவரு எதுக்குங்க மாத்தணும்? அவர்கிட்ட இருக்கிறது எல்லாம் காயடிச்ச கிடா. குட்டியா போடப் போகுது?" என்றாள் லியன்.

"அவன் பொண்டாட்டி யுவே எங்க வேலை பாக்கிறா?"

"கால்நடை நிலையத்துல. கூட்டிப் பெருக்கிறா."

"அங்க இங்க காதுல விழுந்திருக்கும்ல? வெள்ளைதான் நல்லதுன்னு தெரிஞ்சுதான் திருடறான். நல்லதா இல்லாட்டி எவனாவது திருடுவானா?"

குவாங்ஃபூ கிடாக்களை மேய்க்க ஓட்டிக்கொண்டு போனதும், சாவ்வென் வேலி தாண்டிப் போய் பழுப்பை அங்கே மாட்டிவிட்டு வெள்ளையைத் தூக்கிவந்தான்.

இரண்டு நாள் கழித்துப் பழுப்பு திரும்பி வந்தது. சாவ்வென் மறுபடி மாற்றினான். இப்படியே இன்னும் ஐந்து தடவை பழுப்பு வருவதும் அவன் மாற்றுவதுமாக இருந்தது. வெள்ளைக் கட்டியில் தன் பெயரைச் செதுக்கினான். பெயரோடு போயிற்று. மீட்டுவந்து கம்பி போட்டுக் கட்டினான். கம்பியை அழகாகச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுக் கட்டியைக் கொண்டுபோயிருந்தார்கள்.

அந்தச் சுருட்டல்தான் சாவ்வெனை அதிகம் எரிய வைத்தது. கட்டியை மீட்டதும் அதன்மேல் மிளகாய் விழுதை அப்பினான்.

"திருடன் ஆடு நக்கட்டும். தும்மித் தும்மியே காட்டிக் கொடுக்கும்."

அன்றைக்குப் பார்த்துத் திருடன் வரவில்லை. மிளகிதான் நக்கியது. இரண்டு நாள் தும்மியது. தீவனத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. வயிற்றில் குட்டியோடு மூலையில் படுத்திருந்த ஆட்டைப் பார்த்து சாவ்வெனுக்கு அழுகை வந்துவிட்டது.

"போதுங்க. அவரையே கூப்பிட்டுக் கேட்டுடுங்க" என்றாள் லியன்.

"கேட்டா உண்மையா சொல்லப் போறான்?"

மறுவாரம் வேலிச் சந்து வழியாக அவன் கண்ட காட்சி அவனைத் தூக்கிவாரிப் போட்டது. குவாங்ஃபூ பழுப்புக் கட்டியை ஒரு மரப்பெட்டியில் வைத்து, உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்த்தான். நாலு பக்கமும் திருதிருவென்று முழித்தான்.

சாவ்வென் மூச்சுவாங்க ஓடிவந்தான். "லியன், பழுப்புதான் நல்லது."

"இத்தனை நாள் வெள்ளைன்னீங்க?"

"இத்தனை நாள் அவனுக்கும் தப்பாத்தான் தெரிஞ்சிருக்கு. இப்பதான் பொண்டாட்டி சரியா விசாரிச்சுச் சொல்லியிருக்கா. இல்லாட்டி வெறும் உப்புக்கு எவனாவது பூட்டுப் போடுவானா?"

சந்தை நாளில் பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. சாவி பெட்டிக்கு மேலேயே ஆணியில் தொங்கியது. பெயர் செதுக்கிய வெள்ளையை அங்கேயே போட்டுவிட்டு, பழுப்பையும் பெட்டியையும் பூட்டையும் சாவியையும் மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தான். இப்படியும் ஒரு முட்டாள் இருப்பானா என்று வழியெல்லாம் சிரித்தான்.

குவாங்ஃபூ சண்டைக்கு வரவில்லை. கட்டியும் அதன்பின் நிறம் மாறவில்லை. அது வேறு சாவ்வெனின் தூக்கத்தைக் கெடுத்தது. ஆனாலும் பழுப்பை மிளகி கரையக் கரைய நக்கியது.

வசந்தம் பிறந்ததும் மிளகி இரண்டு குட்டி போட்டது. முதல் குட்டி தடுமாறி, விழுந்து, எழுந்து நின்றது. இரண்டாவது நின்றதோடு இல்லாமல் சாவ்வெனை முட்டவும் செய்தது. அவன் வைக்கோலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அப்போது யுவே வந்தாள். கையில் ஒரு கூடை முட்டையும் வெல்லமும். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுக்கிற சீர்.

சாவ்வென் ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "எதுக்கு இதெல்லாம்? என்ன வேணும் உனக்கு?"

"பூட்டைத் திருப்பிக் குடுங்கண்ணே, கோழிக்கூட்டுக்கு வேணும்" என்றாள் யுவே. "ஒன்பது தடவை எங்க வீட்டுக்காரர் நல்ல கட்டியைக் கொண்டாந்து உங்க மிளகிக்கு மாட்டினாரு, ஒன்பது தடவையும் திருப்பிக் கொண்டாந்து வெச்சிட்டீங்க. பூட்டுப் போட்டாத்தான் எடுப்பீங்கன்னு நான்தான் வாங்கிக் குடுத்தேன்."