தடிமன் பிடித்த நூற்றுப் பதினேழு குடிமக்கள்

ஜெர்மன் சமஷ்டிக் குடியரசின் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைத் தொலைபேசியில் அழைத்து அபிப்பிராயம் தெரிவிக்கும் உரிமை உண்டு. எங்கள் நகரத்துத் தமிழர்களுக்கும் அந்த உரிமை இருபது வருடத்துக்கு மேலாக இருந்தது. வீடு கூட்ட வாங்கிய தும்புத்தடியைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைப்பதுபோல அதைப் பத்திரமாக வைத்திருந்தோம். சென்ற மாசி மாதம்தான் அதை வெளியே எடுக்க வேண்டி வந்தது. நகரத் தமிழர் ஒன்றியத்தின் பொதுச்செயலாளர் என்ற வகையில், நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதி வைக்கும் கடமை எனக்கு இருக்கிறது.

விஷயம் இதுதான். இலங்கைப் போரில் காணாமல் போனவர்களைப் பற்றிய சாட்சியங்களைச் சேர்த்து வைக்கும் அலுவலகம் ஒன்று ஜெனீவாவில் இயங்குகிறது. அதற்கு ஜெர்மனி கொடுக்கும் ஆதரவை இன்னும் மூன்று வருடம் நீட்டுவதா, நிறுத்துவதா என்று பேர்லினில் வாக்கெடுப்பு. நிறுத்தினால் கோப்புகளைப் பெட்டிகளில் போட்டு ஒட்டிவிடுவார்கள். அந்தக் கோப்புகளில் ஒன்று யோகம் அக்காவின் தம்பி ஐங்கரனுடையது.

யோகம் அக்கா முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஜெனீவாவிலிருந்து வந்த கடிதத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு எந்நேரமும் கைப்பையில் வைத்திருப்பார். கோப்பு இலக்கம் அவருக்குப் பாடம். ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் அர்ச்சனைக்குத் தம்பியின் பெயரோடு அந்த இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லி, ஐயர் ஒருகணம் மந்திரத்தை நிறுத்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர்தான் ஒன்றியத்துக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். நாங்களும் உடனடியாகக் கூட்டம் கூட்டினோம். எங்கள் ஒன்றியத்தில் உடனடியாக என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

“எங்கடை தொகுதி எம்பி, டொக்ரர் வெஸ்ஸல்கம்ப், இன்னும் ஒரு முடிவும் எடுக்கேல்லையாம். ஆக்கள் போன் அடிச்சுச் சொன்னால் கேப்பாராம். எல்லாரும் ஒருக்கா அடியுங்கோ,” என்றார் யோகம் அக்கா.

தலைவர் கணேசலிங்கம் அண்ணை தொண்டையைச் செருமினார். மூன்று சங்கங்களுக்குத் தலைவராக இருந்து, மூன்றையும் ஆறாகப் பெருக்கிய அனுபவசாலி அவர்.

“போன் அடிக்கிறது சின்ன விஷயமில்லை, தங்கச்சி. அதுக்கு ஒரு ஒழுங்கு முறை இருக்கு. முதல் ஆர் அடிக்கிறது?”

“ஆர் அடிச்சால் என்ன அண்ணை?”

“அதெப்பிடி? தலைவருக்கு முதல் உறுப்பினர் அடிச்சால் ஒன்றியத்துக்கு என்ன மரியாதை?”

“அப்ப நீங்களே முதல் அடியுங்கோவன்.”

தலைவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மெதுவாகக் குடித்தார். பிறகு, “டொச்சிலை எல்லோ கதைக்கோணும்,” என்றார்.

ஜெர்மன் மொழி என்றதும் எல்லோரும் தங்கள் தண்ணீர்ப் போத்தலைத் தேடினார்கள். எங்களைத் தவறாக நினைக்கக் கூடாது. நாங்கள் இந்த நாட்டில் முப்பத்தைந்து வருடம் வாழ்ந்தவர்கள். வீடு வாங்கினோம், கடை நடத்தினோம். நான் பத்தொன்பது வருடமாக இதே நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன், கதவில் நிற்பவர்களை உள்ளே போகச் சொல்லி டொச்சில் ஏசுகிறேன். ஆனால் தொலைபேசி டொச் வேறு. அதில் முகம் தெரியாது, கையைக் காட்டிக் கதைக்க முடியாது. அதற்கென்று எங்கள் நகரத்தில் நிரந்தரமான ஏற்பாடு ஒன்று உண்டு. அதன் பெயர் ஆதிரை.

ஆதிரை ஒன்பது வயதில் வீட்டு வசதி அலுவலகத்துக்கு முதன்முறையாகத் தொலைபேசி எடுத்து, “நான்தான் திருமதி பத்மா,” என்று தன் தாயின் பெயரைச் சொன்னாள். அன்றைக்கே அவளுக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. அந்தச் செய்தி பரவி, பக்கத்து வீட்டு அம்மாக்கள், அதற்குப் பக்கத்து வீட்டு அம்மாக்கள் எல்லோருமாக அவள் ஆனாள். தொலைபேசியில் அவள் நான்கு தரம் பிள்ளை பெற்றிருக்கிறாள். இரண்டு தரம் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். மூலநோய்க்கு மட்டும் வைத்தியரிடம் நேரம் கேட்டு ஏழு ரெர்மின் எடுத்திருக்கிறாள். இப்போது உண்மையான வயது முப்பத்திரண்டு. பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பாளராக வேலை பார்க்கிறாள்.

“பிள்ளை, என்ர பேரிலையும் ஒருக்கா அடிச்சுவிடு,” என்று முதலில் கேட்டவர் தலைவர்தான். அந்த வகையில் ஒழுங்கு முறை காப்பாற்றப்பட்டது.

“அங்கிள், எனக்குத் தடிமன், மூக்கும் அடைப்பு. குரலே இல்லை,” என்றாள் ஆதிரை.

“டொச்காரருக்கு அது விளங்காது பிள்ளை.”

பெயர்ப்பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினோம். நூற்றுப் பதினேழு பேர். தலைவர் இரண்டு பக்கத்தில் உரை ஒன்று தயாரித்தார். அதில் யோகம் அக்கா எழுதிக் கொடுத்த ஐங்கரனின் பெயரை மட்டும், தனிப்பட்ட விஷயம் என்பதால், கோடு போட்டு வெட்டிவிட்டார்.

பேசும் வேலை ஆதிரையிடம் போய்விட்டதால், அழைக்கும் வேலைக்கு எங்களுக்கு நிறைய நேரம் கிடைத்தது. மண்டபத்தின் ஒரு மூலையில் பேர்லின் நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் கூரையைப் படமாக அடித்துத் தொங்கவிட்டோம். கைத்தொலைபேசியில் வரலாற்றுக் களை இல்லை என்று தலைவர் தன் வீட்டு நிலவறையிலிருந்து வயர் வைத்த சிவப்புத் தொலைபேசி ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு இணைப்பு இல்லை. ஆண்கள் பட்டு வேட்டியும் பெண்கள் காஞ்சிபுரமுமாக வந்து, அதைக் காதில் வைத்து, கவலையாக முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கிழமைக்கு நகரத்தில் எந்தத் தமிழரின் வட்ஸ்அப்பைத் திறந்தாலும் காதில் சிவப்புத் தொலைபேசி. காதுகுத்துக்கு எடுக்க மறந்த குடும்பப் படத்தையும் சிலர் இதிலேயே எடுத்து முடித்தார்கள்.

அந்த நேரம் ஆதிரை, மண்டபத்துச் சமையலறையில், இஞ்சித் தேத்தண்ணியோடு இருந்து அழைத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் எம்பி அலுவலகத்து உதவியாளர் திரு லோமன். நீதியான மனிதர். அவரிடம் ஒரு படிவம் இருந்தது. பெயர், முகவரி, சார்பு அல்லது எதிர், குறிப்பு. இந்த நான்கு கட்டங்களுக்குள் வராத எதுவும் அவரைப் பொறுத்தவரை உலகத்தில் நடப்பதில்லை.

“வணக்கம், திருமதி பத்மா. உங்களுக்கும் தடிமனா?”

“ஆமாம், திரு லோமன்.”

“உங்களுக்கு முன்னர் பேசிய முப்பத்தொரு பேருக்கும் தடிமன்.”

“நாங்கள் எல்லோரும் ஒரே கோயிலுக்குப் போகிறோம்.”

“விளங்குகிறது. குறிப்பில் எழுதிக்கொள்கிறேன்.”

“அடுத்ததாக என் அயலவர் பேசுவார். வைத்துவிட்டு எடுக்கிறோம்.”

சற்று நேரத்தில், “வணக்கம், திரு கணேசலிங்கம் பேசுகிறேன்,” என்றாள் அதே ஆதிரை.

“ஐயா, உங்கள் குரல்…”

“தடிமன்.”

“விரைவில் குணமடையுங்கள் ஐயா,” என்றார் லோமன்.

மூன்று நாளில் நூற்றுப் பதினேழு பெயருக்கும் பச்சை மையில் சரி போடப்பட்டது. வாக்கெடுப்புக்கு முதல் நாள், புதன்கிழமை பிற்பகல், யோகம் அக்கா மண்டபத்துக்கு வந்தார். கையில் ஒரு தாள். சுவரில் இருந்த பட்டியலில் நான்காவது பெயர் அவருடையது. அதற்குப் பக்கத்தில் இருந்த பச்சைச் சரியைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“இது ஆர் போட்ட சரி?”

“ஆதிரை திங்கக்கிழமையே உங்கடை பேரிலை கதைச்சிட்டாள், அக்கா,” என்றேன்.

“என்ன கதைச்சவள்?”

“எல்லாருக்கும் கதைச்சதுதான்.”

“ஐங்கரன்ரை பேர் சொன்னவளோ?”

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் நாடாளுமன்றக் கூரையைப் பார்த்தார்.

“அப்ப நான் இன்னும் கதைக்கேல்லை,” என்றார் யோகம் அக்கா. தாளை விரித்தார். டொச் வசனங்களைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி வைத்திருந்தார். மேல்வீட்டுக் கிழவியிடம் மூன்று கிழமை படித்தாராம். தன்னுடைய கைத்தொலைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்து, இலக்கத்தை அழுத்தினார். மணி மூன்றே முக்கால். நான்குக்கு அலுவலகம் பூட்டும்.

“நான் யோகம்,” என்றார் டொச்சில். “என் தம்பி ஐங்கரன். இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதம், தொலைபேசியில் அவன். அவன் சொன்னான், அக்கா, நாளை இராணுவத்தின் பக்கம் போகிறோம், பயம் இல்லை, பெயர் பதிகிறார்கள். பிறகு இல்லை. பதினாறு வருடம் இல்லை. தயவுசெய்து, பெட்டி மூட வேண்டாம்.”

நான் டொச்சில் அப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. வேற்றுமை உருபு எல்லாம் பிழை. ஆனால் ஒரு சொல்லும் விளங்காமல் இல்லை. மறுமுனையில் கடதாசி புரளும் சத்தம் கேட்டது.

“மன்னிக்க வேண்டும். திருமதி யோகம் திங்கட்கிழமை ஒன்பது இருபதுக்கு அழைத்துவிட்டார். அவருடைய டொச் குறையில்லாதது.”

“நான் யோகம்.”

“அவருக்குத் தடிமன் இருந்தது. உங்களுக்கு இல்லை.”

“நான் யோகம். பிறந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்பது, ஓகஸ்ட் ஒன்பது.”

“அது சரிதான். அதாவது, அவருடைய விவரங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கின்றன. அடையாள அட்டையுடன் நேரில் வரலாம். அடுத்த ரெர்மின் செவ்வாய்க்கிழமை.”

“வாக்கு நாளை.”

லோமன் நீதியான மனிதர் என்று முன்பே சொன்னேன். அவர் யோசித்து, “நீங்கள் திருமதி யோகம்தான் என்று உறுதிப்படுத்த உங்கள் அருகில் யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டார்.

யோகம் அக்கா தொலைபேசியை எங்கள் பக்கம் தள்ளினார். தலைவர் என் முழங்கையைப் பிடித்து, காதுக்குள், “வாயைத் திறந்தால் நூற்றுப் பதினேழும் போச்சு,” என்றார். சொல்ல வேண்டியது ‘இவர்தான் திருமதி யோகம்’ என்று மூன்றே மூன்று சொல். பஸ்ஸில் நான் தினமும் அதைவிட நீளமாகக் கதைக்கிறேன். பொதுச்செயலாளர் என்ற வகையில் நான் மௌனம் காத்தேன்.

“நன்றி, இனிய மாலை,” என்றார் லோமன்.

வியாழக்கிழமை வாக்கெடுப்பில் டொக்ரர் வெஸ்ஸல்கம்ப் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் இருந்தார். பிரேரணை தோற்றது. ஒன்றியம் அவசரமாகக் கூடி, நூற்றுப் பதினேழு அழைப்புகள் பதிவானது வரலாற்று வெற்றி எனத் தீர்மானம் நிறைவேற்றி, அழைத்த அனைவருக்கும் சான்றிதழ் வழங்க முடிவு செய்தது. அதே கிழமையில் சுகாதாரத் திணைக்களம் நூற்றுப் பதினேழு வீட்டுக்கும் ஒரு துண்டுப்பிரசுரம் அனுப்பியது. தொற்று பரவாமல் கை கழுவுவது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். எங்கள் ஒன்றியத்துக்கு அது தெரியாத விஷயமல்ல.

சான்றிதழ் வழங்கும் நாளன்று யோகம் அக்காவும் வந்தார். சான்றிதழுக்கு அல்ல. எம்பியிடமிருந்து அவருக்கு வந்த கடிதத்தை ஆதிரையிடம் கொடுத்து, “வாசி பிள்ளை,” என்றார். ஆதிரை வாசித்துத் தமிழில் சொன்னாள்.

“மதிப்பிற்குரிய திருமதி யோகம். தாங்கள் திங்கட்கிழமை தெரிவித்த கருத்துக்கு நன்றி. தங்கள் சமூகத்தினர் அனைவரும் ஒரே விதமாகப் பேசியதால் அதில் எவருடைய துயரத்தையும் என்னால் தனியே கேட்க முடியவில்லை. மாறாக, புதன்கிழமை தங்கள் பெயரில் ஒரு பெண் அழைத்துப் பேசியதை என் அலுவலகம் எனக்குச் சொன்னபோது நான் மிகவும் கலங்கி, ஆதரித்து வாக்களிக்கவே தீர்மானித்தேன். பின்னர் அவர் ஆள்மாறாட்டக்காரர் என அறிந்தேன். தம்பியை உண்மையாகவே இழந்தவர்போல அவரால் நடிக்க முடியுமானால், நான் எவரை நம்புவது? எனவே வாக்களிக்காமல் இருந்தேன். தங்கள் பெயரை யாரோ பாவிக்கிறார்கள். அவதானமாக இருங்கள்.”

சான்றிதழ்க் கட்டு மேசையில் இருந்தது. முதலில் வாயைத் திறந்தவர் தலைவர்தான்.

“இது சின்னப் பிரச்சினை. ஆதிரை, திங்கக்கிழமை யோகம் நீதானே. நீயே ஒருக்கா எடுத்து, புதன்கிழமை கதைச்சதும் நான்தான் எண்டு சொல்லிவிடு.”

“ஏலாது அங்கிள்,” என்றாள் ஆதிரை. அவளுடைய குரல் தெளிவாக இருந்தது. “தடிமன் மாறியிட்டுது. இப்ப எடுத்தால் நானும் யோகம் இல்லை.”

யோகம் அக்கா கடிதத்தை வாங்கி நான்காக மடித்தார். கைப்பையைத் திறந்து, ஜெனீவாக் கடிதம் இருந்த அதே பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்தார்.

“பேர் பதியினம், பயமில்லை எண்டுதான் அவனும் போனவன்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, அண்டைக்கு நீர் எனக்குப் பக்கத்திலைதானே நிண்டனீர்?”

“ஓம் அக்கா,” என்றேன், தமிழில்.