பன்னெண்டுக்கு ஒண்ணு அண்ணாச்சி

எழுபதுகளில் மஸ்கட்டில் துப்பாக்கி வைத்திருந்த அத்தனை பேரையும் ஒரு தட்டில் நிறுத்தி, இவரை மட்டும் இன்னொரு தட்டில் உட்கார வைத்தாலும், துப்பாக்கி ஞானத்தில் இவர் தட்டுதான் கீழே இறங்கும். இத்தனைக்கும் மனிதர் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. தீபாவளிக்கு ஓலைவெடி வெடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவேன் என்று அவரே என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும், ஆனால் சொல்லிப் பிரயோஜனமில்லை. எங்கள் கடை இருந்த, மஸ்கட்டை அடுத்த ரூவியில் அந்தப் பெயரில் அவரை ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கெல்லாம் அவர் "பன்னெண்டுக்கு ஒண்ணு அண்ணாச்சி". அவசரமாகக் கூப்பிட வேண்டுமென்றால் வெறும் "பன்னெண்டு".

ரூவி அப்போது பாதி கடை, பாதி மண்மேடு. எங்கள் முதலாளி ஓர் ஓமானியர். எல்லோரும் அர்பாப் என்போம். தண்ணீர் பம்பு, சீலிங் ஃபேன், தார்ப்பாய், தையல் மிஷின் இவற்றோடு சீமைத் துப்பாக்கியும் விற்கிற கடை அது. உள்நாட்டுக் கிராமங்களில் ஆட்டுக்குட்டியை நரி தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கத் துப்பாக்கி வேண்டும். பெருநாள் வந்தால் எதிர்மலைச் சரிவில் வெள்ளைக் கல்லை வைத்து யார் குறி சரி என்று போட்டி போடவும் வேண்டும். நான் அந்தக் கடையில் டைப்பிஸ்ட், திருச்சிக்காரன். அண்ணாச்சி ஸ்டோர்கீப்பர். திருநெல்வேலிப் பக்கம் ஒரு நூற்பாலையின் பரிசோதனை அறையில் பதினோரு வருஷம் இருந்தவர். ஒரு அங்குல நூலில் எத்தனை முறுக்கு இருக்கிறது என்று எண்ணுவதுதான் அங்கே அவருக்கு வேலை. முறுக்கு குறைந்த நூலைப் பாஸ் பண்ண மாட்டேன் என்று மேனேஜர் முன்னால் ஒற்றைக்காலில் நின்று, அதே காலோடு வெளியே அனுப்பப்பட்டவர்.

வந்த முதல் வாரமே ஒரு துப்பாக்கிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். உட்சுவரில் வரிவரியாகப் பள்ளங்கள். அவை நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றிப் போகின்றன. குண்டு அந்த வரிகளைப் பிடித்துச் சுழன்றபடி வெளியே வந்தால்தான் பம்பரம் மாதிரி நிலையாகப் போகும். அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறைதான்.

"முறுக்குவே இது" என்றார் என்னிடம். "நம்ம முறுக்கு."

சொந்த ஊர்க்காரரைப் பரதேசத்தில் பார்த்துவிட்ட சந்தோஷம் அது. அன்று பிடித்த பைத்தியம் அப்புறம் விடவில்லை. குழாய் துடைக்கிற கம்பியின் நுனியில் தன் பழைய மல் வேட்டியைக் கிழித்துச் சுற்றுவார். அதை இறுக்கமாக உள்ளே விட்டு, கம்பியில் சிவப்பு நூல் ஒன்றை அடையாளமாகக் கட்டி, மெல்லத் தள்ளுவார். உள்ளே இருக்கிற வரியோடு கம்பியும் திரும்பிக்கொண்டே போகும். சிவப்பு நூல் ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வந்ததும் நிறுத்தி, எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறது என்று தையல்காரர் டேப்பால் அளப்பார். பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு சுற்று என்றால் "பன்னெண்டுக்கு ஒண்ணு" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டு நோட்டில் எழுதுவார். பெயர் வந்த கதை இதுதான். அந்த வருஷத்தில் நாலு வேட்டி காலி.

இதில் என்னைப் படுத்திய பாடு தனி. குட்டையான குண்டுக்கு முறுக்கு கொஞ்சம் போதும், பதினாலுக்கு ஒண்ணு. நெட்டையான குண்டுக்கு முறுக்கு அதிகம் வேண்டும், பத்துக்கு ஒண்ணு. நெட்டை காற்றுக்கு அவ்வளவாக அசையாமல் தூரம் போகும், ஆனால் முறுக்கு போதவில்லையென்றால் நடுவழியில் குட்டிக்கரணம் அடிக்கும். இது அவருடைய வேதம். "அண்ணாச்சி, பத்தை விடப் பதினாலுதானே அதிகம்?" என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், பத்து அங்குலத்திலேயே ஒரு சுற்று முடிந்துவிடுகிறதே, அப்படியானால் எதில் முறுக்கு அதிகம் என்று சாம்பார் கரண்டியைச் சுழற்றிக் காட்டி விளக்கினார். சட்டையெல்லாம் சாம்பார். விஷயம் மட்டும் விளங்கிவிட்டது.

துப்பாக்கி வாங்க வந்தவர்களை, பெண் கேட்டு வந்தவர்களைக் கேட்பதைப் போலக் குடைவார். நரிக்கா, கல்லுக்கா? எவ்வளவு தூரம்? என்ன குண்டு, எவ்வளவு நீளம்? ஹிந்தி பாதி, கைஜாடை பாதி. பதில் திருப்தி இல்லையென்றால் துப்பாக்கியை எடுத்து மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். விற்க மறுக்கிற ஸ்டோர்கீப்பரை வளைகுடாவிலேயே நான் அங்கேதான் பார்த்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் தங்கியிருந்த ரூமிலும் இதே கூத்து. துணி உலர்த்த நான் மத்ரா சூக் என்கிற சந்தையில் ஒரு கயிறு வாங்கி வந்தேன். அண்ணாச்சி அதைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, முறுக்கு போதாது, வெள்ளிக்கிழமை தாங்காது என்றார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என் நாலு சட்டையும் கீழே நின்ற பட்டாணியர் டாக்ஸியின் மேல் விழுந்தன. அடுத்த கயிற்றை அவரே மூன்று தடவை சூக்குக்குப் போய்த் தேர்ந்தெடுத்தார். அது அறுந்ததே இல்லை.

இவ்வளவு எண்ணுகிற மனிதருக்கு எண்ணப் பிடிக்காத கணக்கு ஒன்று இருந்தது. மனைவியும் மகளும் பாளையங்கோட்டையில். நடக்கக்கூட ஆரம்பிக்காத குழந்தையை விட்டுவிட்டு வந்தார், இப்போது அவளுக்கு நாலு வயசு. அவர்களை இங்கே அழைத்துக்கொள்ள அர்பாப் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். கடிதத்தை நான் டைப் அடித்து மேஜையில் வைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பேப்பர்வெயிட்டுக்கு அடியில் அது அப்படியே கிடந்தது. அண்ணாச்சி தினமும் காலையில் கடைக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது அந்தப் பேப்பர்வெயிட்டைத்தான்.

அந்த நேரம் பார்த்து அர்பாப் பெட்டி பெட்டியாக நெட்டைக் குண்டுகளை இறக்கினார். கனமானது எதுவோ அதுதான் நல்லது என்பது அவர் சித்தாந்தம், தார்ப்பாயில் அது சரியாகவும் வந்திருந்தது. அப்போது பீரோவில் மிச்சம் இருந்த துப்பாக்கிகள் எல்லாமே பதினாலுக்கு ஒண்ணு. இது அதுக்குச் சேராது என்று அண்ணாச்சி சண்டைக்கு நின்றார். அர்பாப் "கலாஸ்" என்று பேச்சை முடித்துவிட்டார். நான் அண்ணாச்சியைத் தனியே இழுத்துப் போய், முதலில் கையெழுத்து ஆகட்டும், அப்புறம் சண்டை போடுங்கள் என்று கெஞ்சினேன்.

"தப்பைத் தப்புன்னு சொல்லுததுக்குக் கையெழுத்து என்னத்துக்குவே?" என்றார்.

நெட்டைக் குண்டுகளை ஸ்டோரில் வைத்துப் பூட்டினார். ஆனால் ஒரு மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரத்தில், அர்பாப் தம் சாவியால் ஸ்டோரைத் திறந்து, தாமே ஒரு துப்பாக்கியையும் ஒரு பெட்டி நெட்டைக் குண்டையும் சாலிம் என்ற பெரியவருக்கு விற்றுவிட்டார். சாலிம் மலையடிவாரத்தில் ஆடு வளர்ப்பவர். அந்த வட்டாரத்தில் குறி பார்ப்பதில் பேர் போனவர்.

பத்தாம் நாள் சாலிம் திரும்பி வந்தார். அர்பாபைச் சுற்றி நாலைந்து விருந்தாளிகள் காவா என்கிற அரபுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஒரு பிஸ்கட் டின் மூடியை மேஜைமேல் போட்டார். அதில் இருந்த ஓட்டைகள் வட்டமாக இல்லை, நீள நீளமாகக் கீறின மாதிரி இருந்தன. நரிக்கு வைத்த குறி தன் வீட்டுத் தண்ணீர்ப் பானையில் போய் முடிந்ததாகவும், இந்தக் கடை என்ன விற்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லப் போவதாகவும் அவர் நிதானமாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அர்பாபின் முகம் சிவந்தது. ஸ்டோர்கீப்பர் தினமும் கம்பியை விட்டுக் குடைந்தே குழாயைக் கெடுத்துவிட்டான் என்றார். பேப்பர்வெயிட்டைத் தூக்கி, கடிதத்தை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார். அடுத்த வாரம் பம்பாய் விமானத்தில் ஊருக்குப் போகலாம் என்றார்.

அண்ணாச்சி இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. டின் மூடியை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்து, சரஸ்வதி பூஜைக்கு வைத்த புத்தகத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தீரா, குண்டு படுத்துக்கிட்டே போயிருக்கு. நான் சொல்லல?" என்று என்னிடம் பூரித்துப் போனார். அப்புறம்தான் மேஜையைப் பார்த்தார். பேப்பர்வெயிட்டுக்கு அடியில் ஒன்றுமில்லை. அப்படியே ஒரு பம்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அங்கேயிருந்தே, "சுட்டுப் பாக்க ஒரே ஒரு வெள்ளிக்கிழமை கேளும்வே. குட்டைக் குண்டுல ஒரு சின்னப் பெட்டி மிச்சம் வச்சிருக்கேன்" என்றார்.

அர்பாபிடம் கேட்க எனக்குத் தைரியம் போதாது. சாலிமிடம் கேட்டேன். அவருக்கோ தம் குறியின் மானம் போய்விட்ட வருத்தம், உடனே ஒப்புக்கொண்டார். அவர் வருவதாகச் சொன்னதால் அர்பாபும் வர வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே ஒரு வாடிக்கு, காய்ந்து கிடந்த காட்டாற்றுப் படுகைக்கு, போனோம். நூறு கஜம் தள்ளி ஒரு சோப்பு அட்டைப்பெட்டியை வைத்தோம். அண்ணாச்சி அந்தக் 'கெட்டுப்போன' துப்பாக்கியைச் சாலிமிடமிருந்து வாங்கி, அன்றைக்கு உடுத்தியிருந்த நல்ல வேட்டியின் ஓரத்தைக் கிழித்து, குழாயைத் துடைத்து, குட்டைக் குண்டுப் பெட்டியோடு கொடுத்தார். பிறகு இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கண்ணையும் மூடிக்கொண்டார். தலையெழுத்தே முடிவாகப் போகிற நேரத்தில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மனிதர் அவர் ஒருவர்தான்.

சாலிம் கல்மேல் துப்பாக்கியைச் சாய்த்து, படுத்துக்கொண்டு, மூன்று தடவை சுட்டார். ஒவ்வொரு தடவைக்கும் அண்ணாச்சி ஒரு அடி துள்ளினார். பெட்டியருகே போனோம்.

பெட்டியில் ஒரே ஒரு ஓட்டை.

"ஏக். பாக்கி மாஃபி" என்றார் அர்பாப். ஒன்றுதான் பட்டது, மீதி இல்லை. ஜீப்பை நோக்கித் திரும்பிவிட்டார். பஞ்சை எடுக்க மறந்து நின்ற அண்ணாச்சி, என்ன ஆச்சு என்று என் முகத்தையே பார்த்தார்.

சாலிம் மட்டும் நகரவில்லை. குனிந்து அந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டார். விரல் தாராளமாகப் போனது. உள்ளே ஒரு சுற்றுச் சுற்றித் தடவினார். அது ஒரு ஓட்டை இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த மூன்று ஓட்டைகள். ஓரம் மூன்று இதழ் மாதிரி வளைந்திருந்தது. பல் இல்லாத வாய் நிறையச் சிரித்துக்கொண்டு பெரியவர் அர்பாபைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அண்ணாச்சியின் காதிலிருந்த பஞ்சைத் தாமே பிடுங்கிப் போட்டுவிட்டு, அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நீயும் ஒன்று சுடு என்று துப்பாக்கியை நீட்டினார். அண்ணாச்சி நாலு அடி பின்னால் போய்க் கும்பிட்டார்.

அர்பாப் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற ஜாதியும் இல்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் கடிதம் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் மறுபடி இருந்தது, கையெழுத்தோடு. இனிமேல் துப்பாக்கி ஆர்டர் எழுதுவது பன்னெண்டுதான் என்றும் உத்தரவாயிற்று. அந்த முதல் ஆர்டருக்கு அண்ணாச்சி மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். வருகிற ஒவ்வொருவரிடமும் நரியா, கல்லா என்று கேட்டு நோட்டில் குறித்து, நரிக்காரர்களுக்குப் பதினாலு, கல்லுக்காரர்களுக்குப் பத்து என்று பிரித்தார். ஸ்டோரில் தூங்கின நெட்டைக் குண்டுகளுக்கும் வாழ்வு வந்தது. நான் அந்த ஆர்டர் கடிதத்தைப் பதினொரு தடவை டைப் அடித்தேன்.

மூன்று மாதம் கழித்து ஸீப் விமான நிலையத்துக்கு அவரோடு நானும் போனேன். அவர் தனி வீட்டுக்குப் போகப் போகிறார், ரூமில் நானும் கயிறும்தான் மிச்சம் என்ற எரிச்சல் எனக்கு. வழி முழுக்க அவர் மகளுக்குத் தன்னை அடையாளம் தெரியுமா என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டு என் உயிரை எடுத்தார். அந்தக் குழந்தை முதலில் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பிறகு ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தது. பிறகு என்ன தோன்றிற்றோ, ஓடி வந்தது. அண்ணாச்சி அதைத் தூக்கிச் சுற்ற ஆரம்பித்தார்.

வாழ்நாள் முழுக்கச் சுற்றுகளையே எண்ணின மனிதர் அன்றைக்கு எண்ணவில்லை. பழக்க தோஷத்தில் நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவது சுற்றில் எனக்கும் கண்ணீர் மறைத்துவிட்டது.