அனந்தகிருஷ்ணன் பகல்விளக்கு ஏற்றிய படலம்

வாழ்க அனந்தகிருஷ்ணன். பாலக்காட்டுக் குலத்தில் உதித்து மாட்டுங்காவில் வளர்ந்தவன். கப்பல் சரக்கு அலுவலகமொன்றில் முப்பத்தோராண்டு பிறர் எழுதிய கடிதங்களுக்குக் காற்புள்ளி இட்டே கண் சிவந்தவன். காலை எட்டு இருபத்தேழு லோக்கல் ரயிலின் வாசற்படியில் நாள்தோறும் போர்புரிந்து ஒற்றைக்கால் ஊன்ற இடம் வென்ற தடந்தோளினன். பத்தொன்பது மழைக்காலம் நனைந்தும் துருவுக்கு இடம் கொடாத, சரியாகச் சொன்னால் நான்கே இடம் கொடுத்த, சாம்பல் நிறச் சிறு காரின் ஏகசக்கராதிபதி. அவ்வீரன் ஒரு வெள்ளிக்கிழமை கேஷுவல் லீவு போட்டுப் புரிந்த அருஞ்செயலைப் பாடப் புகுகின்றோம். அக்காரின் டாஷ்போர்டில் வீற்றிருந்து, ஒட்டிய பசை காய்ந்தமையால் இடப்புறம் சற்றே சாய்ந்தருளும் பிள்ளையாரே, எம் சொல்லாவது நிமிர்ந்து நிற்க அருள்வீராக.

போருக்குக் காரணம் மூன்றாம் மாடி. அங்கே வாழும் வேங்கடசுப்ரமணியன், வங்கி மேலாளன், வாய் நிறையச் சிரிப்பவன், எவருக்கும் உதவத் துடிப்பவன், ஆதலால் வெறுப்பதற்கு மிகக் கடினமானவன், சென்ற தீபாவளிக்கு வெள்ளை நிறத்தில் ஒரு புதுக் கார் வாங்கினான். சாவியைத் திருகிய கணமே அதன் முகத்தில் இரு வெண்ணொளிக் கீற்றுகள் எழும்; உச்சி வெயிலிலும் ஓயாது எரியும். பகல்விளக்கு என்று அதற்குப் பெயர். பட்டப்பகலில் விளக்கு எதற்கு என்று முதல் வாரம் நகைத்தவனும் நம் நாயகனே; இரண்டாம் வாரம் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தவனும் அவனே; மூன்றாம் வாரம், அவ்வொளி வாயிலில் நுழைகையில் வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுவதையும், தன் கார் நுழைகையில் அதே வாட்ச்மேன் கைப்பேசியிலிருந்து கண்ணெடாததையும் கண்டு, தன் காரின் முகம் புருவம் மழித்த முகமாகத் தோன்ற, உறக்கம் கெட்டவனும் அவனே. பொறாமை என்று அதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. சாலைப் பாதுகாப்பு என்றான்.

ஆயினும் அவன் மார்பில் தைத்த மெய்யான வேல் வேறு. இல்லத்தரசி விஜயலக்ஷ்மி, காபிப்பொடி மணம் மாறாக் கரத்தினள், அரைச் சொல்லால் குடும்பத்தை ஆளும் திறத்தினள், காரை விற்க ஆள் பார்த்துவிட்டாள். சென்ற மாதம் வடாலா சிக்னலில் அது மூச்சடங்கி நின்று, பட்டுப்புடவையோடு அவள் இறங்கித் தள்ள நேர்ந்த அன்றே அதன் ஆயுள் முடிந்துவிட்டது. வியாழன் மாலை அவள் ஆணை பிறந்தது.

"சனிக்கிழமை செம்பூர்ல அண்ணாவுக்கு அறுபதாம் கல்யாணம். அன்னிக்கு இந்த வண்டி மானத்தை வாங்காம மண்டபத்து வாசல்ல கொண்டு விட்டுதுன்னா, இருந்துட்டுப் போகட்டும். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை புரோக்கர் வருவார். அப்பறம் நீங்க ஒண்ணும் பேசப்படாது."

அந்தக் காரில்தான் மகள் சாதனாவை முதல் நாள் பள்ளிக்கு அழைத்துப் போனான். சென்ற ஆண்டு மேற்படிப்புக்காக அவளை விமான நிலையத்தில் கொண்டு விட்டதும், திரும்பும் வழியில் மூக்கைச் சிந்திக்கொண்டே தனியே ஓட்டி வந்ததும் அதே காரில்தான். அதை விற்பது அவனுக்குத் தாங்காது. ஆனால் யாரிடமும் சொன்னதில்லை. ஒளிவீசும் புதுமுகத்தோடு அந்தக் கார் மண்டப வாசலில் போய் நின்றால் உறவுக்கூட்டம் வியக்கும், வியப்பதை விஜயலக்ஷ்மி காண்பாள், கண்டபின் அந்தப் புரோக்கரின் எண்ணை அழிப்பாள் என்பதே அவன் வகுத்த வியூகம்.

படைக்கலம் தேடி அன்று மாலையே தாராவி புகுந்தான். தொண்ணூறு அடிச் சாலையோரம் ராஜபாண்டி என்னும் மின்வித்தகன், திருநெல்வேலிச் சீமையான், எவ்வண்டியின் எவ்வொயரையும் நிறத்தால் குலமறியும் பேராற்றலன், ஆயத்தமாகவே இரு விளக்குகளை எடுத்து வைத்தான். விலைக்கு வாங்கிய வீரம் வீரமாகுமோ எனச் சினந்து, எல்.ஈ.டி. பட்டையாக இரண்டு முழமும், ஒயர் ஒரு சுருளும், சுவிட்ச் ஒன்றும் மட்டும் கேட்டான் நம் தலைவன்.

"நானே மாட்டித் தாரேன் சார். அரமணி நேர வேலைதான்" என்றான் ராஜபாண்டி.

அனந்தகிருஷ்ணன் அதையும் மறுத்தான்.

"அப்பம் ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. சாவி போட்டாத்தான் கரண்டு வார ஒயரு ஒண்ணு உள்ள இருக்கும். அதுலதான் குடுக்கணும். நேரா பேட்டரியில குடுத்திராதிய. காலையில வண்டி எந்திரிக்காது, பாத்துக்கிடுங்க."

வரம் தரும் முனிவர் விலக்கொன்றும் சேர்த்துச் சொல்வது எல்லாக் காவியத்திலும் உண்டு. நாயகன் அதை மறப்பதும் உண்டு. அனந்தகிருஷ்ணனோ மறக்கும் இனத்தவன் அல்லன். காகிதத்தில் எழுதி, தேவையான இடத்தில் காற்புள்ளியும் இட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வெள்ளி புலர்ந்தது. பள்ளிக்காலத்தில் சாதனா விட்டுச்சென்ற கண்ணாடிப் பிளாஸ்டிக் ஸ்கேல்கள் இரண்டை அலமாரியிலிருந்து எடுத்தான். ஒளி பரவும்பொருட்டு உப்புத்தாளால் அவற்றை இரண்டு மணி நேரம் தேய்த்தான். தேய்த்த மாவு மூக்கில் ஏறி ஒன்பது முறை தும்மினான். ஒரு ஸ்கேலில் காம்பஸ் முனையால் அவள் கீறியிருந்த 'சாதனா, எட்டாம் வகுப்பு' என்ற எழுத்துகளை மட்டும் உப்புத்தாள் அணுகவில்லை. ஸ்கேலுக்குப் பின்னே பட்டையை ஒட்டி, ஓரத்தைச் சிலிக்கான் பசையால் அடைத்து, பம்பருக்கு மேலே இருபக்கமும் பதித்தான். அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

பின்னர் மூண்டது பெரும்போர். சாவி ஒயரைத் தேடி, கால்கள் கதவுக்கு வெளியே கட்டட வளாகத்தையும், தலை ஸ்டியரிங்குக்குக் கீழே காரிருளையும் நோக்க, பாம்பணையில் பள்ளிகொண்ட கோலத்தைத் தலைகீழாக்கினாற்போல் மல்லாந்து நுழைந்தான் மாவீரன். ஐயகோ, அங்கே சிவப்பே ஐந்து, மஞ்சள் மூன்று, பத்தொன்பதாண்டுத் தூசியால் நிறமிழந்து எக்கட்சியிலும் சேராதவை எண்ணிலடங்கா. டெஸ்டர் என்னும் சிறுவாளால் ஒன்றைத் தீண்டினான், ஹார்ன் பிளிறியது. மற்றொன்றைத் தீண்டினான், வைப்பர் எழுந்து வறண்ட கண்ணாடியைக் கரகரவென்று தேய்த்தது. இன்னொன்றைத் தீண்டவே, ஆறாண்டாக ஊமையாயிருந்த ரேடியோ மராத்தியில் சந்தை நிலவரம் கூறி மீண்டும் மௌனவிரதம் பூண்டது. சாப்பிடக் கூப்பிட வந்த விஜயலக்ஷ்மி வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களிடம் இருமுறை சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மாலை ஐந்தரை வரை சாவி ஒயர் அகப்படவில்லை.

அப்போது அவன் சித்தத்தில் ஒரு சமாதானம் முளைத்தது. சுவிட்ச்தான் இருக்கிறதே, இன்றைக்கு நேராகப் பேட்டரியிலேயே கொடுத்துப் பார்த்துவிட்டு அணைத்துவிட்டால் ஆயிற்று, ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காக மாற்றிக்கொள்ளலாம். சட்டைப்பையில் இருந்த காகிதம் நெஞ்சைக் குத்தியது. குத்தினால் குத்தட்டும் என்று கொடுத்துவிட்டான்.

விளக்கு எரிந்தது. பாற்கடலின் இரு துண்டுகளை வெட்டிப் பதித்தாற்போல் அந்தச் சாம்பல் முகம் வெண்ணொளி பூண்டது. அதில் சாதனா என்ற எழுத்துகள் மட்டும் இன்னும் சுடராக ஒளிர்ந்தன. வாட்ச்மேன் எழுந்தே நின்றான். அக்கணம், வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றிவிட்டுக் கையில் குங்குமச் சிமிழோடு இறங்கி வந்த விஜயலக்ஷ்மி, மகளின் பெயர் எரிவதைக் கண்டு நின்றாள். பிறகு பானெட்டில் பொட்டு வைத்தாள். கண்களில் ஒற்றிக்கொண்டாள். நாயகனின் விரல் சுவிட்சை நோக்கி நகர்ந்தது.

"என்னன்னா பண்றேள்? வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கேத்தற நேரத்துல ஏத்தினது. கையால அணைக்கப்படாது. தானா மலையேறட்டும்."

ஆ, என்ன சொல்வோம் அவ்வீரன் உள்ளத்தில் நிகழ்ந்த போரை. ஒருபுறம் மின்சார சாஸ்திரமும் ராஜபாண்டியின் வாக்கும்; மறுபுறம் முப்பதாண்டு இல்லறமும், இன்றுதான் முதன்முறையாக அந்தக் காரின்மேல் அவள் வைத்த பொட்டும். இவ்வளவுக்கும் நடுவில் கேட் திறந்து வெள்ளைக் கார் உள்ளே வந்தது, வேங்கடசுப்ரமணியன் கண்ணாடியை இறக்கி, "சூப்பரா இருக்கே சார், எங்கே போட்டேள்?" என்றான். "நானே செஞ்சேன்" என்றான் அனந்தகிருஷ்ணன். அதன்பின் சுவிட்சை அணைக்கும் வலிமை மூவுலகிலும் எவருக்குண்டு? இரண்டு ஸ்கேல் நீளத்து எல்.ஈ.டி. அப்படி என்ன குடித்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே தீர்ப்பு வழங்கிக்கொண்டு மாடியேறினான்.

பகலில் எரியவேண்டிய விளக்கு இரவு முழுதும் எரிந்தது. பகல் வந்ததும் மலையேறியது.

சனிக்கிழமை காலை ஏழரை. மயில்கண் வேட்டி, அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம், மடியில் சீர்த்தட்டு ஏந்திய மனையாள் பக்கத்தில் என்று தேரேறிய மன்னவன் சாவியைத் திருகினான். 'டிக்' என்றது கார். மீண்டும் திருகினான். அந்த 'டிக்'கும் இல்லை. வாட்ச்மேன் தள்ள, இரண்டடி நகர்ந்து துளசிமாடத்தருகே நின்றுவிட்டது. ராஜபாண்டியைக் கைப்பேசியில் அழைத்தான். பத்து மணிக்கு மேல்தான் கடை திறப்பேன், அப்பவே சொன்னேன்லா சார் என்று பதில் வந்தது. மாலை மாற்றும் முகூர்த்தம் ஒன்பதுக்குள். அனந்தகிருஷ்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சாய்ந்த பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு, தீர்ப்புக்காகக் காத்திருந்தான்.

விஜயலக்ஷ்மி சீர்த்தட்டின் மேலிருந்த வெற்றிலையை எடுத்து, நேராக்கி, மறுபடி வைத்தாள்.

"அணைக்கப்படாதுன்னு நான்தானே சொன்னேன்" என்றாள் கடைசியில். "புரோக்கர்ட்ட வரவேண்டாம்னு சொல்லிடறேன். பேட்டரியை மாத்துங்கோ. நேத்திக்கு அவ பேர் எரிஞ்சுதே, அதை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன் அவளுக்கு."

வென்றான் அனந்தகிருஷ்ணன். முகம் தொங்கத் தோற்று, தோற்றதனாலேயே கோட்டையைக் காத்தான். விண்ணவர் பூமாரி பொழிவதற்குள் அதே மணவிழாவுக்கு அழைக்கப்பட்ட வேங்கடசுப்ரமணியன் படியிறங்கி வந்தான். முன் சீட்டில் மனைவியும் பின் சீட்டின் ஜன்னலோரம் மாமனாரும் ஏறியிருக்க, பகல்விளக்குகள் பளீரென்று எரியும் தன் வெள்ளை ரதத்தின் கதவைத் திறந்துபிடித்து, "வாங்கோ சார், நெருங்கி உக்காந்தா எடம் இருக்கு" என்று வாய் நிறையச் சிரித்தான்.

செம்பூர் வரைக்கும் அனந்தகிருஷ்ணன் பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து போனார்.