என் தொடைகளை விசாரித்த கேள்வித்தாள்

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது முழு உண்மை இல்லை என்பதால் மீதியையும் எழுதிவிடுகிறேன்.

போன வாரம் எங்கள் தொழிற்சாலைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். சாப்பாட்டு விஷயத்தில் மனசு நோயாகிப்போனவர்களைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் இருக்கிறதாம். பெண்களை மனதில் வைத்தே எழுதியதாம். ஆண்களிடம் கொடுத்தால் நோயாளியைச் சரியாகப் பிடிக்குமா, தப்ப விட்டுவிடுமா என்று சோதிக்க ஆட்கள் வேண்டுமாம். முதலில் தாளை நிரப்ப வேண்டும், பிறகு அவரே நேரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். கேன்டீன் சமையல்காரன் நானும், பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் என் பையன், உன் மருமகனும் பெயர் கொடுத்தோம்.

அக்கா, முதல் கேள்வியே என் தொடை பெருத்துவிடுமோ என்று பயப்படுகிறேனா என்பது. ஐம்பத்து நாலு வருஷத்தில் என் தொடையை யாருமே விசாரிச்சதில்லை, கொஞ்சம் கூச்சமாப் போச்சு. நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்பாவே இருக்கீங்களான்னு அடுத்தது. நானூறு பேருக்குச் சமைக்கிறவன் வேற எதை நினைப்பான்? 'எப்போதும்'னு போட்டேன். மத்தவங்களுக்கு ஆக்கிப் போட்டுட்டு நீங்க சாப்பிடாம இருக்கீங்களா? தினமும்தான், மூணு மணிக்குத்தான் எனக்குச் சோறு. கடைசியா மாதவிடாய் எப்போன்னு ஒரு கேள்வி, நீக்க மறந்துட்டாங்களாம். மரியாதைக்கு 'நினைவில்லை'ன்னு எழுதினேன். மார்க் ஏற ஏற நோய் ஜாஸ்தின்னு கணக்காம். என் மார்க்கைப் பார்த்துட்டு டாக்டரம்மா பதறிப்போய் என் எதிரில உட்கார்ந்தாங்க. நான் சமையல்காரன்னு சொன்னதும் தலையில கை வச்சுக்கிட்டாங்க.

உன் மருமகனுக்கு வந்தது மூணே மார்க். மெலியணும்னு ஆசையா? இல்லை. வாந்தி எடுக்கிறீங்களா? இல்லை. தொடை? இன்னும் பெருக்கணும். பையன் தேறிட்டான்னு கரண்டியைத் தூக்கிக் காட்டினேன் அக்கா. அன்னிக்குச் சாயங்காலம் ஸ்டோர் ரூமில் அவனோட நேர்ப் பேச்சு. பாதியில அவனே கதவைத் திறந்து, "அப்பா, உள்ள வாங்க"ன்னான். அழுது முகம் வீங்கியிருந்துச்சு. தாளில் இல்லாத ஒரு கேள்வியை அந்த அம்மா கேட்டிருக்காங்க: "ஒரு நாள் உடற்பயிற்சி செய்யலைன்னா என்ன பண்ணுவீங்க?" "அன்னிக்குச் சாப்பிட மாட்டேன்." "செஞ்சா?" "அப்பவும் பாதிதான்." எட்டு மாசமா முட்டை வெள்ளைக்கருவைத் தராசில நிறுத்துச் சாப்பிடறானாம். நான் போடற சோத்தை மெஷினுக்குப் பின்னாடி கொட்டறானாம். வேலை நேரத்தில ரெண்டு தடவை மயங்கி விழுந்ததை யாரும் எங்கிட்டச் சொல்லல. தட்டெல்லாம் காலியாத் திரும்புதான்னு பார்க்கிறதே என் தொழில். இவன் தட்டும் காலியாத்தான் வந்துச்சு, நானும் நம்பிட்டேன்.

"ஏன்டா இப்படி?"ன்னேன். "சின்ன வயசில எல்லாரும் என்னை உருண்டைன்னுதானே கூப்பிட்டீங்க"ன்னான். அந்தப் பேரை வச்சது நீதான் அக்கா. கோவிச்சுக்காதே, தெருவெல்லாம் பரப்பினது நான்.

"நாடி ரொம்ப மெதுவா இருக்கு, ஆஸ்பத்திரியில சேர்க்கணும்"னாங்க டாக்டரம்மா. "உங்க தாளே இவனுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லுதே"ன்னு கத்தினேன். "தாள் தப்பு பண்ணுதுங்க. அதைப் பார்க்கத்தான் நான் வந்தேன்"னாங்க. அவனைக் கையோட வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். ஆம்பளைப் பிள்ளைக்கு இந்த நோயெல்லாம் ஏது? என் கையாலேயே ஆக்கிப் போட்டு ஒரு மாசத்தில் தேத்திடுவேன். ஆகையால் நீ கவலைப்படாதே. கிளம்பியும் வராதே.

உன் தூக்கத்துக்கும் மாமாவின் முழங்கால்களுக்கும் என் வேண்டுதல்களைச் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் ரெண்டு நாள் வச்சிருந்தேன். இன்னிக்குக் காலையில் குளியலறையில் விழுந்துட்டான். நான்தான் தூக்கினேன் அக்கா, கையில கனமே தெரியல. ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. உடனே கிளம்பி வா. வந்ததும் "இளைச்சுட்டியே"ன்னு சொல்லக் கூடாதாம், "தேறிட்டியே"ன்னும் சொல்லக் கூடாதாம். வேற என்ன பேசறதுன்னு எனக்கும் தெரியல. ரெண்டு பேருமா அவன் பக்கத்துல சும்மா உட்கார்ந்திருப்போம்.