ஸீயும் ஷட்ஸும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதனால் எனக்கு ஜெர்மன் படிப்பித்தது வாத்தியார் அல்ல, தொலைக்காட்சிப் பெட்டி. பெட்டி சரியாகத்தான் சொல்லித்தந்தது. நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஜெர்மன் குரல் கொடுத்த கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படம் ஒன்று போனது. நாயகனும் நாயகியும் படம் முழுக்கச் சண்டை. வாய்க்கு வாய் "ஸீ, ஸீ" என்றார்கள். கடைசியில் ஒரு முத்தம். (அந்த நேரம் நானும் மனைவியும் சுவரிலிருந்த சாமிப் படத்தைப் பார்த்துக்கொண்டோம்.) அதற்குப் பிறகு ஒரு ஸீ கூட இல்லை.

அதே கதையின் நாடகத் தொடரை அடுத்த நாள் முதல் பின்னேரம் நாலு மணிக்குக் காட்டினார்கள். இதில் இருவரும் கல்யாணம் முடித்துவிட்டார்கள். எந்நேரமும் "டூ", எந்நேரமும் "ஷட்ஸ்". வேலையால் வந்து ஒரு நாள் விடாமல் பார்த்தேன்.

ஷட்ஸ் என்றால் செல்வம், புதையல் என்றது அகராதி. சாமியையே பொன்னே மணியே என்று கூப்பிடுகிற சனம் நாங்கள். மனிதரை மனிதர் செல்வம் என்று அழைக்கும் பண்பை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. சண்டையில் மட்டும் வருகிற ஸீ, நம்முடைய 'சீ' போல ஏசுகிற சொல் என்றும் தீர்மானித்தேன். நான் வேலை செய்த தொழிற்சாலையிலும் எல்லோரும் டூதான். என் ஆராய்ச்சி முடிந்தது.

அந்த வருடம் எங்கள் சின்னப் பிள்ளையார் கோயிலுக்கு முதல் தேர். தேர் செய்தாயிற்று. தெருவில் இழுக்க நகரசபை அனுமதி இல்லாவிட்டால் அது மண்டபத்துக்குள்ளேயே நிற்கும். அதிகாரியைப் பார்க்க நாளும் நேரமும் குறித்து ஒரு டெர்மின் கிடைத்தது.

"கதைக்கத் தெரிஞ்ச ஆரையும் கூட்டிக்கொண்டு போவன்" என்றார் கோயில் தலைவர் அண்ணை.

"தேவையில்லை அண்ணை. நானே கதைப்பன். பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார்."

"பிள்ளையாருக்கு ஜெர்மன் தெரியுமோ எண்டு கேக்கேல்லை. உனக்குத் தெரியுமோ?"

அதிகாரி அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா. நான் நெற்றி நிறையத் திருநீற்றோடு கைகூப்பி, "குட்டன் மோர்கன், ஷட்ஸ்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஸீ..." என்று தொடங்கினார்.

வந்தவுடனேயே ஏசுகிறாரே என்று நினைத்தேன். ஆனால் பிள்ளையாரின் தேர் அல்லவா, விடுவதில்லை என்று பல்லைக் கடித்தேன். அவர் ஸீ போட்ட ஒவ்வொரு தடவையும் நான் குரலைக் குழைத்து ஒரு டூவும் ஒரு ஷட்ஸும் போட்டேன். ஏழாவது ஷட்ஸில் அவர் எழுந்து, கதவை அகலத் திறந்துவைத்து, பக்கத்து அறை ஆளைக் கூப்பிட்டார்.

"இந்த ஜெர்மன் எங்கே படித்தீர்கள்?" என்று அந்த ஆள் கேட்டார். படத்தையும் தொடரையும், ஸீ பற்றிய என் கண்டுபிடிப்பையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அம்மாவின் வாயோரம் துடித்தது. அவரும் அந்தப் படத்தைப் பார்த்தவராம். எனக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "ஸீ என்பது மரியாதை. ஷட்ஸ் என்பது மனைவிக்கு. படத்தில் முத்தம் வரைக்கும் ஸீ, அதற்குப் பிறகுதான் டூ. நமக்குள் இன்னும் முத்தம் நடக்கவில்லை."

நம்முடைய 'நீங்கள்'தான் ஸீ, 'நீ'தான் டூ. மேசைக்குக் கீழே ஒரு பள்ளம் இருந்திருந்தால் இறங்கியிருப்பேன். ஆனால் அனுமதி இன்னும் கையில் இல்லை. எழுந்து நின்று, "ஸீ" என்று தொடங்கி, முழுவதையும் முதலிலிருந்து சொன்னேன்.

இரண்டு தெருவுக்கு அனுமதி கிடைத்தது. உடைக்கிற தேங்காயை நாங்களே கூட்டி அள்ளவேண்டும் என்று எழுதித் தந்தார்.

வீட்டில் கதையைக் கேட்ட மனைவி சிரிக்கவில்லை. "என்னை ஒருநாளும் ஷட்ஸ் எண்டு கூப்பிட்டதில்லை. கண்டறியாத மனுசிக்கு ஏழு தரமோ?"

தேரன்று அந்த அம்மா வந்து வடம் பிடித்தார். அவருக்கும் ஓர் அர்ச்சனை செய்வோம் என்றேன்.

"ஆற்ற பேருக்கு?" என்றார் ஐயர்.

நான் பெயரை யோசிப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார். "ஷட்ஸ்."

"நட்சத்திரம்?"

"அதை இவரிட்டைக் கேளுங்கோ."

அந்த அம்மா ஓய்வுபெற்றுவிட்டார். இன்றும் தேருக்கு வருகிறார். ஐயரும் வருடந்தோறும் கணீரென்று "ஷட்ஸ் நாமதேயஸ்ய" என்கிறார். கும்பிட நிற்கும் அத்தனை பேரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் இறுக மூடிக்கொள்கிறேன்.